மடிப்பின் மேல் ஒரு வெட்டு

என் மகள் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்து என் அலுமாரியைக் காலி செய்யத் தொடங்கி இன்றைக்கு இரண்டாவது நாள். நெளுக்குளத்தில் எங்கள் வீட்டின் நடு அறையில் கால் வைக்க இடமில்லை. வைத்திருக்கிற உடுப்பெல்லாம் கட்டிலில், கொடுக்கிற உடுப்பெல்லாம் கதிரையில், எறிகிற உடுப்பெல்லாம் தரையில் என்று சட்டம் போட்டிருக்கிறாள். "ஒரு வருசமாக் கட்டாத சீலையை இனியும் கட்டமாட்டீங்களாம் அம்மா. அந்தப் பொம்பிளை வடிவா விளங்கப்படுத்துறா" என்கிறாள். அந்தப் பொம்பிளையை நானும் எட்டிப் பார்த்தேன். அவளுடைய அலுமாரியில் மொத்தம் ஆறு உடுப்புத்தான் தொங்கியது. ஆறும் ஒரே நிறம். ஆறு உடுப்பை அடுக்கிவைக்க யாருக்குத்தான் தெரியாது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவளுடைய அலுமாரிக் கதவு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு மூடியதைப் பார்த்ததும் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. என்னுடையது மூடும்போது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

கதிரையில் போட்ட சீலையை நான் மெதுவாக எடுத்துக் கட்டிலில் போட்டதை மகள் இரண்டு தரம் பிடித்துவிட்டாள்.

"இதை ஆர் கட்டப்போகினம்?" என்று கேட்டேன்.

"ஆரோ கட்டுவினம். அது உங்களுக்கு என்னத்துக்கு?"

எனக்குத் தெரிய வேண்டும். என் உடுப்பை யார் கட்டப்போகிறார்கள், அவர்களுக்கு அது என்னைவிட எடுப்பாக இருக்குமா என்று தெரியாமல் என்னால் மூக்குத் துடைக்கிற ஒரு கைலேஞ்சியைக்கூடக் கொடுக்க முடியாது. நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் பொறாமைக்காரி. இந்த வயதில் இதை ஒளித்துவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சிலருக்கு நீரிழிவு, சிலருக்கு முழங்கால் வருத்தம், எனக்கு இது. எங்கே, எப்போது தொடங்கியது என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்ட மகள் ஒரு பிடி காய்ந்த வேப்பிலையை அள்ளிக்கொண்டு தும்மினாள். "இதென்ன குப்பை?" பூச்சி வராமல் நான்தான் போட்டது. பூச்சி உருண்டை கடையில் கிடைக்கிறது, வாங்கியும் வைத்திருக்கிறேன். இருந்தாலும் வேப்பிலை போடாவிட்டால் அலுமாரி அலுமாரியாக மணக்காது. அந்தக் கசப்பு மணம் அறையில் பரவியதும் நான் கட்டிலில் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். மகள் எனக்குக் களைப்பு என்று நினைத்துத் தேத்தண்ணி போடப் போனாள்.

எங்களுடைய முதல் அலுமாரி வவுனிக்குளத்துக் குடியேற்றத்தில் இருந்தது. அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயல் எடுத்தவர். வீடு மண்சுவர், கிடுகுக் கூரை. அந்த வீட்டுக்குள் அம்மாவின் சீதனமாக ஒரு முதிரை மர அலுமாரி, கதவில் ஆளுயரக் கண்ணாடியோடு, லொறியில் வந்து இறங்கியது. வாசலுக்குள்ளால் அது போகவில்லை. சரித்துப் பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் மண்சுவர்தானே என்று பக்கச் சுவரை உடைத்து உள்ளே ஏற்றிவிட்டு, திரும்பச் சுவரை வைத்துப் பூசினார்கள். பிறகு கல்வீடு கட்டியபோதும் அலுமாரியை நடுவில் நிற்கவிட்டு அதைச் சுற்றித்தான் கட்டினோம். கறையானும் எறும்பும் ஏறாமல் இருக்க அதன் நாலு காலும் நாலு பால்மாத் தகரத்துக்குள், மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் நின்றன.

நிலம் சமமில்லாததால் அலுமாரி கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அதனால் அந்தக் கண்ணாடியில் எல்லாரும் உயரமாகவும் மெலிவாகவும் தெரிவார்கள். கலியாண வீட்டுக்குப் போகிற பெண்கள் எங்கள் வீட்டில் வந்து சீலை கட்டிக்கொண்டு போவார்கள். அதனால் அந்த ஊரில் எரிச்சல் படுகிறவர்கள் மற்றவர்கள், அந்த எரிச்சலுக்கு ஆளாகிறவர்கள் நாங்கள் என்றுதான் நான் வளர்ந்தேன்.

அலுமாரியில் மூன்று தட்டு. மேல்தட்டில் வெளிக்கிடுகிற உடுப்பு. நடுத்தட்டில் வீட்டு உடுப்பு. கீழே தோட்ட உடுப்பு. ஒரு சட்டை மேல்தட்டில் தொடங்கி வருசத்துக்கு வருசம் பதவி இறங்கிக்கொண்டே வரும். (சட்டை என்றால் எங்களுக்குப் பெண்பிள்ளைகள் போடுகிற கவுண். ஆண்கள் போடுவது சேட்.) தோட்டத்துக்கும் உதவாமல் போனால் குசினியில் சட்டி இறக்குகிற துணி. அப்பாவின் சேட் என்றால் வயலில் குருவி விரட்டுகிற வெருளிக்குப் போகும். வெருளி அப்பாவின் மண்ணிறச் சேட்டோடு நின்ற ஒரு போகத்தில், தண்ணீர் முறை கேட்க வந்த ஒருவர் சைக்கிளை வரம்பில் நிறுத்திவிட்டு அதனோடு கொஞ்ச நேரம் கதைத்துக்கொண்டு நின்றார் என்று அப்பா சொல்வார். வெருளி இடையில் குறுக்கிடாமல் கேட்டதால் அந்த மனிதர் சந்தோசமாகத் திரும்பிப் போனாராம்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாளைக்கு முன் அம்மா அலுமாரி முழுவதையும் பாயில் கொட்டி அடுக்குவார். அவருடைய மடிப்பு தனி மடிப்பு. பாதி, அதில் பாதி, அதில் பாதி, கடைசியாக இன்னும் ஒரு முறை. நாலு மடிப்புக்குக் குறைந்தால் அது மடிப்பில்லை, சுருட்டல். எடுத்துக் கொடுப்பதும் மடிப்பதும் என் வேலை. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு பாயில் இன்னொரு குவியலும் சேர்ந்தது, லெட்சுமி வீட்டுக்குக் கொடுக்கிற குவியல்.

லெட்சுமியின் குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து உடுத்த உடுப்போடு வந்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொட்டில் போட்ட குடும்பம். அங்கே என்ன நடந்தது என்று அம்மா மெல்லிய குரலில் அப்பாவோடு கதைப்பார், நான் போனால் நிறுத்திவிடுவார். லெட்சுமியின் அம்மா எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு வேலைக்கு வருவார். லெட்சுமி என் வகுப்பு, நான் இருக்கிற வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்து இடம். என்னைவிட ஒரு விரற்கடை உயரம். அதை நான் அப்போதே அளந்து வைத்திருந்தேன்.

முதல் வருசம் அந்தக் குவியலில் கடுகு நிறச் சட்டையைப் போட்டது நானேதான். அப்பா கிளிநொச்சியில் வாங்கி வந்தது. கழுத்தில் கடிக்கும். அதைப் போட்டால் நான் காமாலைக்காரி மாதிரி இருப்பேன். ஆளை மெலிவாகக் காட்டுகிற எங்கள் கண்ணாடியே அந்தச் சட்டையில் எனக்கு உதவி செய்ய மறுத்தது. "இதை ஆருக்கும் குடுங்கோ அம்மா" என்று தூக்கி எறிந்தேன். அம்மா அதைத் தோய்த்து, காயவைத்து, மடித்துக் கொடுத்தார்.

பொங்கலன்று பிள்ளையார் கோயிலுக்கு லெட்சுமி அந்தச் சட்டையில் வந்தாள்.

நான் எப்படிச் சொல்வேன். இடுப்பைக் கொஞ்சம் பிடித்திருந்தார்கள். கடிக்கிற கழுத்துப் பட்டியை வெட்டி எடுத்து இடுப்புக்குப் பட்டியாக்கி, பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். அவளுடைய நிறத்துக்கு அந்தக் கடுகு நிறம் தங்கம் மாதிரி இருந்தது. அதெல்லாம்கூடப் பரவாயில்லை. சட்டையின் கீழ் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டு இருந்தது. மஞ்சள் நாங்கள் புது உடுப்புக்குத்தான் தொடுவோம், கடையில் இருந்து வந்து முதன்முதல் போடுகிற உடுப்புக்கு. நான் போட்டுக் கழித்த சட்டைக்கு லெட்சுமியின் அம்மா மஞ்சள் தொட்டிருந்தார்.

"புதுச் சட்டையோ பிள்ளை? நல்ல வடிவு" என்று பொங்கல் பானையடியில் நின்ற ஒரு மனுசி கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் லெட்சுமி.

பக்கத்தில் உண்மையான புதுச் சட்டையோடு நான் நின்றேன். அதில் கடை மணம்கூடப் போகவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது என்ரை சட்டை என்று கத்த வாய் வந்தது. அம்மா பார்த்துக்கொண்டு நின்றதால் விழுங்கினேன். அன்றைக்கே கத்தியிருந்தால் ஒரு அறையோடு விசயம் முடிந்திருக்கும். லெட்சுமி என்னிடம் வந்து காதுக்குள் "எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயிறு எரிந்து, பொங்கல் இறங்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அம்மா குவியலில் வைத்தது எனக்கு உண்மையிலேயே பிடித்த சிவப்புச் சட்டை. நான் வளர்ந்துவிட்டேன், அது வளரவில்லை. இதையும் அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றால் நான் எங்கே போவேன் என்று யோசித்தேன். அம்மா கிணற்றடிக்குப் போன நேரம், தையல் பாடத்துக்கு வாங்கிய சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, நெஞ்சுப் பக்கத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டினேன். வெட்டியதை உள்ளுக்குப் போகும்படி மடித்து இருந்த இடத்தில் வைத்தேன். ஓட்டைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வரட்டும் பார்ப்போம்.

வந்தாள். ஓட்டை இருந்த இடத்தில் ஒரு பூ இருந்தது. செம்மஞ்சள் இதழ் ஐந்து, நடுவில் கறுப்பு, கீழே ஒரு பச்சை இலை. தன் அம்மாவின் கிழிந்த சீலைக் கரையில் இருந்து நூல் உருவித் தைத்தாளாம். பள்ளிக்கூடம் தொடங்கியதும் தையல் ரீச்சர் அதைக் கழற்றாத குறையாக இழுத்துப் பிடித்து, "இஞ்சை பாருங்கோ பிள்ளையள், இதுதான் பூத்தையல். நூல் எங்கையாவது சுருண்டிருக்கே?" என்று வகுப்புக்கே காட்டினார். என்னுடைய துணியில் நான் தைத்த பூ, யாரோ நசுக்கிய பூச்சி மாதிரி இருந்தது. ரீச்சர் அதைப் பார்த்து, "இது என்ன, சிலந்தியோ?" என்று கேட்டார்.

மூன்றாம் பொங்கலுக்கு நான் மூன்று ஓட்டை வெட்டினேன். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று, கீழ்க் கரையில் ஒன்று. எங்கேயும் ஒன்றோடொன்று பொருந்தாதபடி யோசித்து, வேண்டுமென்றே கோணலாக. அவள் தோளில் தொடங்கி முதுகால் இறங்கிக் கரை வரைக்கும் ஒரு கொடி ஓடவிட்டு அதில் மூன்று பூ வைத்தாள். கோயில் வீதியில் பெண்கள் அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்தப் பூக்களில் பாதி என்னுடைய வேலை. நான் வெட்டியிருக்காவிட்டால் அந்தக் கொடி முளைத்திருக்குமா? ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்ல?

இதற்கிடையில் அம்மாவுக்கு யோசனை வந்துவிட்டது. "நான் குடுக்கேக்கை ஓட்டை ஒண்டும் இருக்கேல்லையே" என்றார். முதலில் எலி என்று நினைத்தார். எதிர்வீட்டில் எலிப்பொறி இரவல் வாங்கி, கருவாட்டுத் துண்டு குத்தி அலுமாரிக்குக் கீழே வைத்தார். எலி வரவில்லை. அலுமாரி முழுவதும் கருவாடு மணத்தது. நான் ஒரு கிழமை கருவாட்டு மணத்தோடு பள்ளிக்கூடம் போனேன். அதுகூட லெட்சுமிக்கு இல்லை, எனக்குத்தான்.

பிறகு ஒருநாள் லெட்சுமி எங்கள் வீட்டுக்குப் பாடக் கொப்பி இரவல் வாங்க வந்தபோது அம்மா அவளுடைய தோள் பூவைக் கிட்ட வைத்துப் பார்த்தார். நூலுக்கு அடியில் துணியின் விளிம்பு நேராக இருந்தது. எலி கடித்தால் பிய்ந்திருக்கும். அவள் போன பிறகு அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நல்ல உடுப்பை வேணுமெண்டு வெட்டிப்போட்டுப் பூப்போடுகினம். ஸ்டைலாம். குடுக்கிறதின்ரை அருமை தெரியாத சனம்."

நான் பக்கத்தில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அம்மா அடிப்பார் என்ற பயம் பாதி. மற்றப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். வயிற்றின் ஒரு மூலை குளிர்ந்தது.

நாலாம் பொங்கலுக்குப் பாயில் அந்தக் குவியல் இல்லை. இன்னும் இரண்டு வருசம் போடக்கூடிய என் பச்சைப் பாவாடையை அம்மா கிழித்து விளக்குத் துடைக்கப் போட்டார். வழக்கம்போல லெட்சுமியின் அம்மா முதல்நாள் வந்து குசினி வாசலில் நின்றார்.

"இந்த முறை ஒண்டும் மிஞ்சேல்லை, லெட்சுமியின்ரை அம்மா" என்றார் அம்மா.

அம்மாவுக்குப் பின்னால் அறைக் கதவு திறந்து கிடந்தது. அலுமாரியும் திறந்துதான் இருந்தது. மூன்று தட்டும் நிரம்பி வழிந்தது. லெட்சுமியின் அம்மா அதைப் பார்த்தார்.

"பரவால்லைங்கம்மா" என்றார். போகத் திரும்பியவர் நின்றார். "நாங்க ஏதும் தப்புப் பண்ணிட்டமாம்மா?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை" என்று அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு லெட்சுமியின் அம்மா எங்கள் மிளகாய்த் தோட்டத்துக்கு வேலைக்கு வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் வேறு யாருடையதோ வயலில் அவர் களை பிடுங்குவதைத் தூரத்தில் கண்டேன்.

அந்தப் பொங்கலுக்கு லெட்சுமி வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டையோடு கோயிலுக்கு வந்தாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. சந்தோசமாக இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. எல்லாரும் சிவப்பும் பச்சையுமாக நின்ற இடத்தில் அவள் ஒருத்திதான் வெள்ளை. தூரத்தில் இருந்து பார்த்தாலும் அவள்தான் முதலில் தெரிந்தாள். எனக்கு அதற்கும் எரிந்தது. அவள் வழமைபோல என் பக்கத்தில் வந்து நின்று, தன் கையில் இருந்த கரும்பில் பாதியை முறித்துத் தந்தாள். நான் அதை வாங்கிச் சப்பினேன்.

மாசியில் அவர்களுக்கு இந்தியாவுக்குப் போகிற பாஸ்போட் வந்தது. லெட்சுமியின் தாத்தா எந்தக் காலத்திலோ எழுதிப்போட்ட விண்ணப்பத்துக்கு இப்போதுதான் பதில். மாங்குளத்தில் ரயில் ஏறி, மதவாச்சியில் மாறி, தலைமன்னாரில் கப்பல். "அங்க எங்களுக்கு யாரையுமே தெரியாது" என்று லெட்சுமி வாங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது கப்பல் மட்டும்தான். எங்கள் அலுமாரியைத் தவிர உலகத்தில் ஒன்றையும் காணாத நான் இருக்க, இவள் கப்பலில் போகப்போகிறாள்.

போவதற்கு முதல்நாள் காலையில் அம்மா அலுமாரியைத் திறந்து மேல்தட்டில், ஆக உள்ளே, சீலைகளுக்குப் பின்னால் கையை விட்டார். அங்கே இருந்தது மாமா எனக்கென்று அனுப்பியிருந்த சட்டைத் துணி. கத்தரிப்பூ நிறம், மெல்லியது, தைக்காத புதுத் துணி. சித்திரை வருசப் பிறப்புக்குத் தைத்துத் தருவதாக அம்மா சொல்லியிருந்தார். நான் கிழமைக்கு ஒரு தரமாவது அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

"போற பிள்ளைக்குப் பழசைக் குடுக்கக் கூடாது. எங்களிட்டை வேலை செய்த சனம். மனசிலை ஒண்டும் வைச்சிருக்கக் கூடாது. உனக்கு வேறை வாங்கலாம்" என்றார். மூலையில் தானே மஞ்சள் தொட்டு, துணியை மேசையில் வைத்துவிட்டுக் கட்டுவதற்குக் கயிறு தேடிப் போனார்.

அறையில் நானும் துணியும் கண்ணாடியும். தையல்பெட்டியில் அம்மாவின் பெரிய கத்தரிக்கோல். கண்ணாடியில் ஒரு உயரமான, மெலிந்த பெண் அதை எடுத்தாள். மடிப்பு விளிம்பின் நடுவில் வைத்து அமத்தினாள். துணி இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் அமத்த வேண்டியிருந்தது. பிறை மாதிரி ஒரு துண்டு கொத்தாக மேசையில் விழுந்தது.

அந்தக் கொத்தைக் கையில் எடுத்தபோதுதான் விளங்கியது. ஒரு துண்டு இல்லை, பல துண்டு. அம்மாவின் நாலு மடிப்பு! துணியை விரித்துப் பார்க்கப் பயம், விரித்தால் அதே மாதிரி மடிக்க எனக்கு வராது. பக்கத்தில் கிடந்த பேப்பர் தாளை நாலு முறை மடித்து, விளிம்பில் அதே மாதிரி வெட்டி விரித்தேன். பள்ளிக்கூட விழாவுக்கு வெட்டுகிற தோரணம் மாதிரி வரிசையாக எட்டு ஓட்டை. நான் ஒன்று வெட்டத்தான் நினைத்தேன். கடவுளே, ஒன்றுதான்.

அம்மா வந்து துணியை அந்தப்படியே தூக்கி, பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டினார். வெட்டிய பக்கம் அவருடைய உள்ளங்கைக்குள் இருந்தது.

மாங்குளம் ஸ்ரேசனுக்கு நானும் அம்மாவும் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அந்தப் பாசல் என் மடியில் இருந்தது. பஸ் யன்னலால் அதை வெளியில் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஸ்ரேசனில் அவர்கள் ஒரு தகரப் பெட்டியையும் நாலைந்து மூட்டையையும் வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தார்கள். லெட்சுமி கொடிச் சட்டையைப் போட்டிருந்தாள், அதன் கைகள் அவளுக்குக் கட்டையாகிவிட்டிருந்தன. அம்மா என் கையில் இருந்த பாசலை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"அங்கை போய்த் தைச்சுப் போடு பிள்ளை."

"புதுசாங்கம்மா?" என்று லெட்சுமியின் அம்மா கேட்டார்.

"ஓம், புதுசு. கை படாத புதுசு."

லெட்சுமியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். அம்மாவும் அழுதார். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பலிலோ, அங்கே போய் இறங்கியோ அவர்கள் அதைப் பிரிப்பார்கள். கை படாத புதுசில் எட்டு ஓட்டை இருக்கும். இந்த அம்மா வழியனுப்ப வந்தே எங்களை அவமானப்படுத்தினார் என்று நினைப்பார்கள். சொல்லாவிட்டால் அது அப்படியே கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். திரும்பிப் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

ரயில் வந்தது. ஏறினார்கள். மூட்டைகளை உள்ளே இழுத்து முடிய லெட்சுமி யன்னலுக்கு வந்து கையை நீட்டினாள். கார்ட் விசில் ஊதினார்.

"லெட்சுமி, அந்தத் துணியிலை ஓட்டை இருக்கு. நான்தான் வெட்டினனான்" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். ரயில் சத்தத்தில் கத்தினேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "முன்னாடி வெட்டுனதும் நீதான். தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"எலி கடிச்சதுக்கும் கத்தரிக்கோல் வெட்டுனதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா உங்கம்மா உன்ன அடிப்பாங்க." அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். ஒரு வருசப் பொங்கல் உடுப்பும், அவளுடைய அம்மாவின் வேலையும் அந்த ஒரு வசனத்துக்குள் போயிருந்தது. "இதுல எத்தன ஓட்ட?"

"எட்டு."

"எட்டா!" கண்ணை விரித்தாள். பிறகு அவளுடைய நெற்றி சுருங்கியது. தையல் பாடத்தில் ஊசியைக் கையில் எடுக்குமுன் அவள் முகம் அப்படித்தான் போகும். "எட்டும் எப்படி இருக்கு? அங்கொன்னு இங்கொன்னாவா?"

"இல்லை. மடிச்சபடி வெட்டினது. ஒரே தூரம்."

ரயில் அசைந்தது. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"அப்ப வரிசையா வரும்" என்றாள். "கரையில வச்சுத் தச்சா நல்லாத்தான் இருக்கும்."

அவ்வளவுதான். மேடை முடிந்துவிட்டது. நான் நின்று அழுதேன். அவள் போகிறாள் என்று அழுதேன், செய்ததற்கு வெட்கத்தில் அழுதேன். அது நல்லாத்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரிந்திருந்ததால் அந்த எரிச்சலிலும் அழுதேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா ஐந்தாறு அடி பின்னால் நின்றார். எல்லாம் கேட்டிருந்தது. அடிப்பார் என்று பார்த்தேன், அடிக்கவில்லை. ரயில் போன திசையையே கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இனி யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்ற முகம் அது. அதை எனக்கு இப்போதுதான் வாசிக்கத் தெரிகிறது. பஸ்ஸால் ஊர்த் தெரு முடக்கில் இறங்கி வயல் கரையால் நடக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"அந்த எலிப்பொறியை நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வா."

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருசத்தில் தலைமன்னார்க் கப்பல் நின்றது. மாங்குளத்தில் தண்டவாளமே இல்லாத காலமும் வந்தது. நாங்கள் சண்டைக்குப் பயந்து வவுனிக்குளத்தை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கு அலுமாரியை எடுக்க வழியில்லை. அது வந்தது சுவரை உடைத்து, போவதென்றாலும் சுவரை உடைக்க வேண்டும், அதற்கு யாருக்கு நேரம். அம்மா கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார். கனகாலம் கழித்துப் போய்ப் பார்த்தபோது சுவரும் இல்லை, அலுமாரியும் இல்லை. அது நின்ற நாலு தகரமும் இல்லை. அம்மா கடைசி வரைக்கும் வைத்திருந்த அந்தத் திறப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது. இப்போது ரயில் மறுபடி ஓடுகிறது, தலைமன்னாருக்கும் போகிறது. அங்கே இறங்கினால் கடல்தான். லெட்சுமியிடம் இருந்து கடிதம் வரவில்லை. எங்கள் விலாசம் அதற்குள் எத்தனையோ தரம் மாறிவிட்டது, அவளுடையதும் மாறியிருக்கும்.

மகள் தேத்தண்ணியோடு வந்து பார்க்கிறாள். நான் கதிரைக் குவியலில் இருந்து அவளுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து, கழன்ற பொத்தானைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.

"குடுக்கிற உடுப்புக்கு ஏன் அம்மா பொத்தான்?"

"சும்மா" என்கிறேன். கீழ்க் கரையில் ஒரு சின்னக் கிழிசலும் இருக்கிறது. அதில் ஒரு பூப்போட்டுப் பார்க்கலாமா என்று நூலை எடுக்கிறேன். இத்தனை வயதாகியும் என் பூ சிலந்தியாகத்தான் வருகிறது.

கத்தரிப்பூ நிறத் துணியில் அந்த எட்டையும் அவள் என்ன நிறத்தில் தைத்தாள் என்று எனக்குத் தெரியாது. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பொங்கலன்று, ஏதோ ஒரு கோயிலடியில் நின்றவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். அவர்கள் எல்லார் மேலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.